கடவுச்சீட்டின் உச்சரிப்பு
(மொழியும் பிழைப்பும் – 14)

பல்லடத்தில் ஆங்கிலம் ஒரு பாடம் என்பதைவிட நூல், சாயம், மின்சாரம் போல ஒரு தொழில்தேவை என்பதே பொருந்தும். ஊரைச் சுற்றிய சிற்றூர்களில் விசைத்தறிகள் காடாத் துணியை, அதாவது சலவையும் சாயமும் காணாத துணியை, இரவு பகலாக ஓட்டித் தள்ளுகின்றன; அரை மணிப் பயணத்தில் இருக்கும் திருப்பூரில் பின்னலாடை தைக்கப்பட்டுத் துறைமுகத்துக்குப் போகிறது; இந்தத் தொழில் வட்டாரத்தின் அலுவலக அறைகளில், ஊசியையோ தறியையோ தொடாத ஒரு கூட்டம் கணினி முன் அமர்ந்து நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. மெர்ச்சண்டைசர் என்று அழைக்கப்படும் இவர்கள், வெளிநாட்டுக் கொள்முதலாளருக்கும் தையல் பிரிவுக்கும் நடுவே நின்று, லேப் டிப் எனப்படும் சாய மாதிரித் துண்டுக்கு ஒப்புதல் வாங்குவது முதல், மொத்த உற்பத்திக்கு முன் தைத்து அனுப்பும் பி.பி. சாம்பிளில் தோள்பட்டை அரை சென்டிமீட்டர் இறங்கியிருப்பதற்குச் சமாதானம் சொல்வது வரை அனைத்தையும் அந்த மொழியிலேயே முடிக்க வேண்டும். அவர்களுடைய ஆங்கிலத்தில் வினைமுற்று குறைவு, ‘கைண்ட்லி’ அதிகம். ‘அப்ரூவல் பெண்டிங், கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்று முடியும் அஞ்சலைப் படிக்கும் இலண்டன் ஆங்கிலப் பேராசிரியர் முகம் சுளிக்கலாம். ஆனால் 2024-25ஆம் நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் மதிப்புள்ள பின்னலாடை திருப்பூரிலிருந்து ஏற்றுமதியானது இத்தகைய அஞ்சல்களின் துணையோடுதான்.

இவ்வளவு ஆங்கிலம் புழங்கும் ஊரைச் சேர்ந்த ஒரு பட்டதாரி, ஆங்கிலத்தையே முழுநேரப் பிழைப்பாகக் கொள்ள எண்ணி, அந்த மொழியைக் கற்பதற்காகப் பணத்தை வாரி இறைக்கும் தென்கொரியாவில் ஒரு தனியார் பயிலகத்தில் ஆசிரியராகச் சேர முடியுமா என்பதே இந்தப் பகுதியின் கேள்வி. முடியாது என்பது விடை. அவருடைய ஆங்கிலம் போதாது என்பது அதற்குக் காரணமன்று. அதை யாரும் சோதித்துக்கூடப் பார்க்கப்போவதில்லை. விடையைவிட அந்தக் காரணமே ஆராயத் தக்கது.

அந்தப் பயிலகத்தைக் கொரியர் ‘ஹாக்வொன்’ என்பர். ‘ஹாக்’ என்றால் கல்வி, ‘வொன்’ என்றால் நிலையம். சீனச் சொற்களிலிருந்து கொரிய மொழிக்குச் சென்ற இணைப்பு இது. பள்ளி முடிந்த பிறகு கணிதம், ஆங்கிலம், பியானோ, ஓவியம், தேக்வாண்டோ என்று எதையும் கட்டணத்துக்குக் கற்பிக்கும் தனியார் நிறுவனம் அனைத்துக்கும் இதுவே பொதுப்பெயர். நம் ஊர் டியூஷன் சென்டரோடு இதை ஒப்பிடலாம் என்றாலும், அளவு அந்த ஒப்பீட்டைக் கேலி செய்கிறது. 2024ஆம் ஆண்டில் கொரியப் பெற்றோர் பள்ளிப் பிள்ளைகளின் தனிப்பயிற்சிக்குச் செலவிட்ட தொகை 29.2 லட்சம் கோடி வான் என்று அந்நாட்டு அரசின் கணக்கெடுப்பு கூறுகிறது; இந்திய மதிப்பில் இது ஏறத்தாழ 1.75 லட்சம் கோடி ரூபாய், அதாவது திருப்பூரின் ஓராண்டு ஏற்றுமதியைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேர் அவ்வாண்டில் ஏதேனும் ஒரு தனிப்பயிற்சிக்குச் சென்றனர்; பாடவாரியாக ஒரு மாணவருக்கு ஆகும் செலவில் முதலிடம் ஆங்கிலத்துக்கு.

அரசு இதை விரும்பி வளர்த்ததாகவும் சொல்ல முடியாது. 1980 ஜூலையில், ஆட்சியைக் கைப்பற்றியிருந்த சுன் தூ-ஹ்வானின் இராணுவத் தரப்பு, பள்ளி மாணவர்க்கான தனிப்பயிற்சி முழுவதையும் ஒரே அறிவிப்பில் தடைசெய்தது. தடை வந்தபின் பயிற்சி மறைவிடங்களுக்குப் போனது, கட்டணம் ஏறியது. பின்னர் தடை படிப்படியாகத் தளர்ந்து, 2000 ஏப்ரலில் அரசமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றே தீர்ப்பளித்தது. இன்று எஞ்சியிருப்பதில் முதன்மையானது நேரக் கட்டுப்பாடு: சியோலில் இரவு 10 மணிக்குமேல் பயிலகம் நடத்தக் கூடாது என்ற விதியை அதே நீதிமன்றம் 2009இல் ஏற்றது, மீறும் பயிலகங்களைக் காட்டிக்கொடுப்பவர்க்கு அரசு சன்மானம் வழங்கத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். பதினாறு வயதுக்கு உட்பட்டோரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் இந்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைப் படித்து நிம்மதி அடைந்தவர்கள் இந்த நாற்பதாண்டு வரலாற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஆங்கிலத்தின்மீது இத்தனை தாகம் எதனால் என்பதற்குத் தேர்வே முதல் விடை. ‘சூனுங்’ எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வு ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கிறது. அதில் ஆங்கிலம் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி நடக்கும் ஏறத்தாழ 35 நிமிடங்களுக்கு, நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் என்பது 1997இல் நடைமுறைக்கு வந்தது. பெற்றோர் அதற்கும் முன்னதாகவே, நான்கைந்து வயதிலேயே, ‘ஆங்கில மழலையர் பள்ளி’ என்ற பெயரில் நடக்கும் பயிலகங்களுக்குக் குழந்தையை அனுப்பலாயினர். நாக்கின் அடிச்சவ்வை வெட்டினால் ஆங்கில ‘ர’கரம் நன்றாக வரும் என்று நம்பிப் பிள்ளைகளுக்கு அறுவை செய்வித்த பெற்றோரைப் பற்றி, அந்நாட்டு மனித உரிமை ஆணையம் தயாரித்த திரைப்படத் தொகுப்பு ஒன்றில் இயக்குநர் பாக் ஜின்-ப்யோ 2003இல் ஒரு குறும்படமே எடுத்தார். 2008இல், புதிய அதிபர் பொறுப்பேற்குமுன் அமைந்த மாறுகாலக் குழுவின் தலைவர், ஆரஞ்சுப் பழத்தின் பெயரை அமெரிக்கர் ஒலிப்பதைப் போலவே கொரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று பேசப்போய், அந்த ஒற்றைச் சொல் நாடெங்கும் நையாண்டிக்கு உள்ளானது.

இந்தத் தாகத்தின் ஊற்றைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், தமிழ் வாசகரை நிமிர்ந்து உட்காரச் செய்யும் ஒரு பெயரில் போய் முட்ட நேரிடும். கொரிய அரசு 1883இல் மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்கவென்று சிறியதோர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கியது; மூன்றாண்டுகளுக்குப் பின், உயர்குடிப் பிள்ளைகளுக்கும் இளம் அதிகாரிகளுக்குமாக ‘யூக்யொங் கொங்வொன்’ என்ற அரசப் பள்ளியை நிறுவி, அமெரிக்காவிலிருந்து மூன்று ஆசிரியர்களை ஊதியத்துக்கு வரவழைத்தது. ஜில்மோர், பங்கர், ஹல்பர்ட் என்ற அம்மூவரே அந்நாட்டின் இன்றைய ஆயிரக்கணக்கான ஒப்பந்த ஆங்கில ஆசிரியர்களுக்கு மூதாதையர் எனலாம். மூவரில் இளையவரான ஹோமர் ஹல்பர்ட், 1863இல் வெர்மான்டில் பிறந்தவர், கற்பிக்கச் சென்ற இடத்தில் தாம் மாணவராகிப்போனார். சில ஆண்டுகளிலேயே கொரிய எழுத்தான ஹங்குலில் மட்டும், சீன எழுத்துக் கலவாமல், ‘சாமின் பில்ஜி’ என்ற உலகப் புவியியல் பாடநூலை எழுதினார். கற்றோர் சீன எழுத்தையே எழுத்தென மதித்த காலத்தில் ஓர் அயலார் செய்த வேலை அது. அதன்பின் கொரிய மொழியின் உறவினர் யார் என்று தேடத் தொடங்கி, 1905இல் சியோலில் கொரிய மொழிக்கும் இந்தியாவின் திராவிட மொழிகளுக்குமான ஒப்பிலக்கணம் ஒன்றை நூலாக வெளியிட்டார்.

இராபர்ட் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. கொரிய மொழிக்கும் தென்னிந்திய மொழிகளுக்கும் ஒப்புமை இருப்பதாகப் பிரெஞ்சுப் பாதிரிமார் முன்பே குறிப்பிட்டிருந்தனர் என்றாலும், அதை ஒரு நூலளவுக்கு விரித்தவர் ஹல்பர்ட்தான். இன்றைய மொழியியலார் இவ்விரு மொழிக் குடும்பங்களும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்பதை ஏற்பதில்லை. அம்மா, அப்பா என்பவை கொரியரிடம் ‘ஒம்மா’, ‘அப்பா’ என்றிருப்பதை இணையவெளித் தமிழர் பெருமிதத்தோடு பகிர்ந்தாலும், குழந்தையின் வாய்க்கு எளிதான உதட்டொலிகள் உலகின் பல மொழிகளில் இப்படி அமைவதை மொழியியலார் சுட்டுவர். உறவு இல்லை என்பதால் ஒப்புமையும் இல்லை என்றாகிவிடாது. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை, வேற்றுமை உருபுகள் பெயரின் பின்னால் ஒட்டுவது, பேசுபவரின் பணிவு வினைமுற்றின் வாலில் தெரிவது ஆகிய மூன்றும் இரு மொழிக்கும் பொது. ‘நானுன் ஹாக்க்யோஎ கந்தா’ என்று கொரியர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ என்று தமிழாக்கிவிடலாம். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் வாக்கியத்தைப் பிரித்துப் போட்டுத்தான் மறுபடி கட்ட வேண்டும். அதே வினையைப் பெரியவரிடம் சொல்கையில் கொரியர் ‘கயோ’ என்று இறுதியில் ஒரு ‘யோ’ சேர்க்கின்றனர். ‘போறேன்’ என்பதைப் ‘போறேனுங்க’ என்று முடிக்கும் கொங்கு நாட்டார்க்கு இந்த ‘யோ’வை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஹல்பர்ட்டின் பிற்கால வாழ்வு வகுப்பறையைத் தாண்டியது. கொரியாவின் சுதந்திரத்தைக் காக்கக் கோரி 1907இல் ஹேக் மாநாட்டுக்கு மன்னர் கோஜோங் இரகசியத் தூதர்களை அனுப்பிய முயற்சிக்குத் துணைநின்றார். நாடு ஜப்பானின் பிடியில் இறுகியபின் திரும்ப முடியாதவராகி, 1949இல் முதுமையில் அரசு விருந்தினராக வந்து, வந்த சில நாட்களிலேயே ஆகஸ்டு 5இல் சியோலில் காலமானார். ஹான் ஆற்றங்கரையில் உள்ள யாங்ஹ்வாஜின் அயல்நாட்டார் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

இன்றைய பயிலகத்தின் வகுப்பறைக்கு வருவோம். பத்துப் பன்னிரண்டு பேர் அமரும் சிறிய அறை; கதவில் ஒரு கண்ணாடிச் சட்டம், மூலையில் ஒரு கண்காணிப்புக் கேமரா; இரண்டின் வழியாகவும் ‘வொன்ஜாங்’ எனப்படும் நிறுவனத் தலைவர் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும். பள்ளி விட்டதும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் வண்டிகளில் வந்து இறங்குவர்; அவர்கள் போனபின் நடுநிலைப் பள்ளியினர் வருவர்; வரிசை இரவுவரை நீளும். வகுப்பில் கொரியப் பெயர் கிடையாது. எதிரே இருப்பவர் ஒரு கெவின், ஒரு எமிலி, இரண்டு ஜென்னி. பல பயிலகங்களில் பெயர் சூட்டுவதும் ஆசிரியரின் வேலைதான். இலக்கணமும் தேர்வுப் பயிற்சியும் கொரிய ஆசிரியரின் பொறுப்பு. அயல்நாட்டு ஆசிரியரின் பொறுப்பு பேச்சு. எனவே அவர் ஒரு நாளில் ஆறு முறை, ஆறு வேறு குழுக்களிடம், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு, ‘ஐ ஈட் சிக்கன்’ என்ற விடையைத் திருத்தி, சரியாகச் சொன்னவருக்கு ஒட்டுவில்லை ஒட்டி, மாத இறுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் மகிழும்படி ஓர் அறிக்கை எழுத வேண்டும். கற்பித்தல் அனுபவமோ கல்வியியல் பட்டமோ இதற்குக் கட்டாயமன்று. எந்தத் துறையில் பெற்ற இளநிலைப் பட்டமும் போதும்.

ஒப்பந்தம் வழக்கமாக ஓராண்டுக்கு. மாத ஊதியம் பெரும்பாலும் 20 லட்சம் வானுக்கும் 30 லட்சம் வானுக்கும் இடையில், அதாவது நம் பணத்தில் ஏறத்தாழ 1.2 லட்சத்திலிருந்து 1.8 லட்சம் ரூபாய் வரை, அமைகிறது. அதோடு ‘ஒன்-ரூம்’ எனப்படும், சமையலும் படுக்கையும் ஒரே அறைக்குள் முடிந்துவிடும் குடியிருப்பும் தரப்படுவதுண்டு. ஓராண்டை நிறைவு செய்தால் சட்டப்படி 30 நாள் சராசரி ஊதியத்தைப் பணிக்கொடையாகத் தர வேண்டும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுப் பணியைக் கேட்டதை நினைத்தால் இது தாராளம். தாராளத்தில்தான் சிக்கலும் பிறக்கிறது: பத்து அல்லது பதினோராம் மாதத்தில் ஏதேனும் குறை சொல்லி ஆசிரியரை அனுப்பிவிட்டால் அந்தத் தொகை மிச்சம் என்று கணக்குப் போடும் உரிமையாளர்களைப் பற்றிய குறைகள் இத்துறையில் பழையவை. ஆசிரியரை ஊழியராகக் காட்டாமல் தனித்தொழில் செய்பவராகக் காட்டி, வருமானத்தில் 3.3 விழுக்காடு மட்டும் வரியாகப் பிடித்து, ஓய்வூதியக் காப்பீட்டையும் மருத்துவக் காப்பீட்டையும் தவிர்ப்பது இன்னொரு வழி. பயிலக ஆசிரியர்களும் தொழிலாளர் சட்டத்தின்படி ஊழியரே என்று கொரிய உச்ச நீதிமன்றம் 2006இலேயே கூறிவிட்டபோதிலும், ஒப்பந்தக் காலத்தின் நடுவே வேறு பயிலகத்துக்கு மாறுவதற்குப் பழைய உரிமையாளரின் இசைவுக் கடிதம் வேண்டும் என்ற விசா நடைமுறை, வழக்குப் போடும் துணிவைப் பெரிதும் கரைத்துவிடுகிறது.

பல்லடம் வட்டார வாசகருக்கு இந்தப் பதினோராம் மாதம் புதிதன்று. கோவை, திருப்பூர், திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகக் கூறி இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கியதும், காலம் முடியுமுன் வெளியேறியவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் அத்தொகையை இழந்ததும், 2011இல் நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனமும் அந்நாட்டிலுள்ள ‘இந்தியக் குழு’ என்ற அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை உட்படப் பல ஆவணங்களில் பதிவாகியுள்ளன. உடுமலையிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வந்த அந்தப் பெண்ணின் நிலையையும், ஒன்றரை லட்சம் ரூபாய் சம்பளத்தில் சியோலில் இருக்கும் கனடா இளைஞரின் நிலையையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனால் கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைப் பிடித்து நிறுத்தும் உத்தி இரண்டிலும் ஒன்றே.

இனி, யார் அந்த வேலைக்கு வரலாம் என்ற கேள்வி. பயிலக ஆசிரியருக்கான விசாவுக்கு ‘இ-2’ என்று பெயர். மொழியைப் பேசக் கற்பிப்பவர்க்கான விசா அது. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே பயிலகத்தில் கற்பிக்க அது வழங்கப்படுகிறது. பட்டச் சான்றும் குற்றப் பின்னணிச் சான்றும் முத்திரையோடு கேட்கப்படும்; மருத்துவப் பரிசோதனையும் போதைப்பொருள் சோதனையும் உண்டு. இந்தச் சோதனைகள் இறுகியதற்கு ஒரு நாள் உண்டு: கொரியாவில் ஆங்கிலம் கற்பித்துவந்த கனடா நாட்டவர் ஒருவர், சிறார் மீதான பாலியல் குற்றத்துக்காகத் தாய்லாந்தில் 2007 அக்டோபரில் கைதானார். அதன்பின் எழுந்த அச்சத்தில் அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்க்கு மட்டும் எச்.ஐ.வி. சோதனையும் கட்டாயமானது, மறுசோதனைக்கு உடன்படாததால் பணி நீட்டிப்பு இழந்த நியூசிலாந்துப் பெண் ஒருவரின் முறையீட்டில், ஐ.நா. இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2015இல் கொரிய அரசைக் கண்டித்தது. 2017இல் சோதனை கைவிடப்பட்டது. நுழைபவரின் குற்றப் பதிவு, இரத்தம், சிறுநீர் அனைத்தையும் பார்த்த அந்த ஆவணக் கட்டில், அவருடைய ஆங்கிலத்தைச் சோதிக்கும் தாள் ஒன்றுகூட இல்லை என்பது கவனிக்கத் தக்கது. கடவுச்சீட்டே உச்சரிப்புக்குச் சான்று.

அந்த ஏழில் தென்னாப்பிரிக்கா இடம்பெற்றிருப்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படையைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. அதற்குப் பின்னரும் பல கப்பல்கள் சென்றன. அவற்றில் சென்றவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று பிள்ளை, நாயுடு, மூட்லி, கோவெண்டர் என்ற குடும்பப் பெயர்களோடு, வீட்டில் ஆங்கிலம் பேசி, தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருக்கின்றனர். பட்டமும், ஆங்கில வழியில் பயின்றதற்கான சான்றும் இருந்தால் அவர்களில் எவரும் சியோல் பயிலகத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவராக நிற்கலாம். கப்பல் ஏறாமல் ஊரிலேயே தங்கிவிட்ட பங்காளியின் கொள்ளுப்பேத்தி, ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்திருந்தாலும் நிற்க முடியாது. முன்னவர் நிற்பதில் யாருக்கும் குறையில்லை. பின்னவர் ஏன் நிற்கக் கூடாது என்பதற்கு மொழியியலில் விடை கிடையாது. சட்டம் ஒருபுறம் இருக்க, விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கும் பழக்கமும் அங்கு உண்டு. ஏழு நாடுகளில் ஒன்றின் குடிமகனாகவே இருந்தாலும் நிறத்தைப் பார்த்து ஒதுக்கப்பட்டதாகக் கறுப்பின ஆசிரியரும் ஆசிய முகம் கொண்ட ஆசிரியரும் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர்.

இந்தியருக்குக் கதவு அடியோடு மூடியிருக்கிறது என்றும் கூற முடியாது. 2009 ஆகஸ்டு 7இல் கையெழுத்தாகி 2010 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியா–கொரியா விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம், ஆடைக்கும் காருக்கும் சுங்கவரி பேசியதோடு நில்லாமல், பட்டமும் ஆங்கிலப் பாடத்துக்குரிய ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர் கொரியப் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியராக வருவதற்கு வழிசெய்தது. அதாவது, அமெரிக்கர் ஒருவருக்கு எந்தப் பட்டமும் போதும் என்ற வேலையின் அடுத்த அறைக்கு, இந்தியருக்கு ஆசிரியப் பயிற்சியும் வேண்டும். அந்த அறையும் பள்ளியில்தான் உண்டு, தனியார் பயிலகத்தில் இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டவர் கதை இன்னும் வேடிக்கை. தொலைபேசியிலும் காணொலியிலும் கொரியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசக் கற்பிக்கும் தொழில் மணிலாவிலும் செபுவிலும் கொழிக்கிறது. கட்டணம் குறைவு என்பதால் பெற்றோர் விரும்புகின்றனர். அதே குரலுக்குச் சொந்தக்காரர் விமானம் ஏறி வந்து வகுப்பறையில் நிற்க விரும்பினால் விசா இல்லை.

மொழியைக் கற்பிப்பதே நோக்கமானால், கொரியக் குழந்தையின் நாக்கு எங்கே தடுக்கும் என்பதை அறிந்தவர் கற்பிப்பதுதான் முறை. அந்தத் தடுக்கல்களில் பலவற்றைத் தமிழர் உள்ளிருந்தே அறிவர். கொரிய எழுத்தில் சொல் முதலில் வரும் ககரமும் பகரமும் வல்லொலியாகவும், உயிர்களின் நடுவே மெல்லிய ஒலியாகவும் வரும். ‘பல்’லில் ஒருவிதமாகவும் ‘கோப’த்தில் வேறுவிதமாகவும் ஒரே எழுத்தை ஒலிக்கும் தமிழ்க் குழந்தைக்கும் இதே வழக்கம்தான். ஆங்கிலத்தின் ‘ஃப’ ஒலி இருவருக்கும் சொந்தமில்லாததால், நம் முன்னோர் ‘காப்பி’ என்றதைக் கொரியர் ‘கொபி’ என்கின்றனர். ‘ஃபேன்’ என்ற ஆங்கிலச் சொல் இரு நாட்டவர் வாயிலும் ‘பேன்’ ஆகிவிடுகிறது. மெய்யெழுத்தில் முடியும் சொல்லை அப்படியே விட மனமில்லாமல் ஓர் உயிரைச் சேர்ப்பதும் பொது: பல்லடம் பேருந்து நிலையத்தில் ‘பஸ்ஸு’, சியோலில் ‘பொஸு’. ஆங்கில ‘லைட்’டும் ‘ரைட்’டும் ஒரே எழுத்தில் அடங்கிக் கொரியக் குழந்தையைத் திணறடிக்கும் இடத்தில் மட்டும் தமிழர் ஒரு படி முன்னே நிற்கிறார், லகர ரகரங்களோடு ளகர ழகரங்களையும் பிரித்துப் பழகிய நாக்கு அது. ‘பஸ்’ என்ற சொல்லின் இறுதியில் நாக்கை எப்படி நிறுத்துவது என்று ஒருகாலத்தில் தாமே பயின்ற ஆசிரியர் அதைச் சொல்லிக்கொடுக்க வல்லவர். பிறந்ததிலிருந்து நிறுத்திவருபவர், தாம் என்ன செய்கிறோம் என்பதையே அறியார். ஆயினும் கட்டணம் செலுத்தும் பெற்றோர் வாங்குவது கற்பித்தலை மட்டுமன்று. கதவின் கண்ணாடிச் சட்டத்தில் தெரியும் முகமும் அதில் சேர்த்தி.

இதைக் கண்டிக்கும் உரிமை பல்லடத்துக்கு உண்டா என்பது தனிக் கேள்வி. கொங்கு வட்டாரத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் மையங்களில் ஷிஃப்ட் முடித்து வரும் இளைஞர்க்கு மாலையில் வகுப்பெடுப்பவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டதாரி. அவர் கேட்பதும் திருத்துவதும் தமிழை உடனிருத்திக்கொண்டுதான், பலனும் அதனால்தான். இருந்தும் மையத்தின் விளம்பரப் பலகையில் சிரிப்பது கோட்டு அணிந்த ஒரு வெள்ளைக்காரர். மகனைச் சேர்க்க வரும் தந்தை கேட்கும் முதல் கேள்வி, ‘சார், இவனுக்கு அந்த அமெரிக்கன் ஸ்டைல் வருங்களா?’ என்பதாக இருக்கும். கொரியர் அந்த ஆசையைச் சட்டமாக எழுதிவைத்தனர். நாம் பலகையில் வரைந்து வைத்திருக்கிறோம்.

கடைசியாக, வேலை தேடும் வாசகருக்கு ஒரு சொல். கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை என்று கூறி முன்பணம் கேட்போர் எதிர்ப்பட்டால், இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தனியார் பயிலகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் இ-2 விசா கிடையாது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பிப் போனால், அந்த வகுப்பறையில் நிற்பதே அங்கு குற்றமாகும். அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கையும் நேபாளமும் உண்டு, இந்தியா இல்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். எண் அங்கே இல்லையென்றால் பணத்தையும் கொடுக்க வேண்டாம், கடவுச்சீட்டையும் கொடுக்க வேண்டாம்.